கண் சொல்லும் சாட்சி

காஞ்சி மாநகரை அடுத்த ஏனாத்தூர் இன்று பல்கலைக்கழகத்தால் பெயர் பெற்றிருப்பினும், அவ்வட்டாரத்தின் பேச்சிலும் மூச்சிலும் கலந்திருப்பவை பட்டும் தறியுமே. அங்கே அன்பர் ஒருவரின் இல்லத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கல்லூரியில் பயிலும் அவர்தம் மகள், வார இதழ்களிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்து வைத்திருந்த பழைய தொடர்கதைக் கட்டு ஒன்றை வீட்டாருக்கு வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்திருக்கும் மாப்பிள்ளையைக் கதாநாயகி சன்னல் இடுக்கின் வழியே காண்கிறாள். அவன் கண்களில் கள்ளம் ஒளிந்திருப்பதை அந்த ஒரு நொடியிலேயே உணர்ந்துகொள்கிறாள். பின்வரும் அத்தியாயங்களில் அவள் உணர்ந்ததே மெய்யாகிறது. அவ்வளவுதான் கதை.

கேட்டிருந்தவர்களுள் அண்டை வீட்டு மூதாட்டியாரும் ஒருவர். தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பட்டு நூலோடு கழித்தவர். இப்போது இரு கண்களிலும் பார்வை இல்லை. ஆயினும் விரலால் தொட்டே இழையின் தரத்தைச் சொல்லிவிடுவார் என்று வீட்டார் கூறினர். கதை முடிந்ததும் அவர் நம் பக்கமாக முகத்தைத் திருப்பி, "தம்பி, கண்ணைப் பார்த்தாத்தான் மனசு தெரியும்னா, என்னை மாதிரி ஆளுங்க கதையில வந்தா மனசை எங்கே பார்த்து எழுதுவாங்க?" என்று கேட்டார்.

வீட்டார் சிரித்தனர்; நம்மால் சிரிக்க இயலவில்லை. கதை இலக்கியத்தைப் பற்றிப் பல காலமாகப் பேசியும் எழுதியும் வருகின்ற நாம், அந்த எளிய வினாவுக்கு அன்று விடை கூறவும் இயலாதவராய்த் திரும்பினோம். இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சியே.

குறிப்பும் இயல்பும்

கண் மனத்தின் வாயில் என்னும் எண்ணம் நம் மொழிக்குப் புதிதன்று. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை ஆராய்வதற்கென்றே தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓர் இயல் வகுத்தார். மெய்ப்பாடு எட்டு எனக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களையும் எண்ணிக் காட்டினார். அவ்வியலை முடிக்குமிடத்தில் அவர் கூறும் கருத்துத்தான் நாம் கருதத் தக்கது. கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணரும் ஆற்றல் வாய்த்தவர்க்கு அல்லது மெய்ப்பாட்டின் பொருளை அறிதல் அரிது என்பது அதன் சாரம். காணப்படுபவரின் கண்ணில் எல்லாம் எழுதியிருக்கிறது, எவரும் படித்துக்கொள்ளலாம் என்று அவர் கூறவில்லை. பொறுப்பைக் காண்பவர் மீதே ஏற்றினார். கண்ணோடு செவியையும் சேர்த்தே உரைத்தார்.

வள்ளுவப் பெருந்தகை 'குறிப்பறிதல்' என்னும் தலைப்பை இரண்டு அதிகாரங்களுக்குச் சூட்டியுள்ளார். பொருட்பாலில் 71ஆம் அதிகாரம் அரசனின் உள்ளத்தை அறியும் அமைச்சனைப் பற்றியது. காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம் காதலியின் உள்ளத்தை அறியும் காதலனைப் பற்றியது. காஞ்சிபுரத்தவர் எனக் கூறப்படும் பரிமேலழகர் இவ்விரண்டுக்கும் எழுதிய உரையைப் பயில்வோர்க்கு ஓர் உண்மை புலனாகும். இவ்விரு இடங்களிலும் அறியப்படுவது குறிப்பு; இயல்பு அன்று. இந்நேரம் அரசன் சினந்திருக்கின்றானா மகிழ்ந்திருக்கின்றானா, இவள் நோக்கில் விருப்பம் உண்டா இல்லையா என்பனவே அங்குக் கேள்விகள். அவன் நல்லவனா தீயவனா என்பது வேறு கேள்வி. அதனை வள்ளுவர் 51ஆம் அதிகாரமாகிய 'தெரிந்து தெளிதல்' என்பதில் வைத்து ஆராய்கிறார். ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவர் அங்குக் காட்டும் உரைகல் முகமன்று, விழியன்று, அவரவர் செய்கையே. 'கூடா நட்பு' அதிகாரத்திலோ இன்னும் ஒரு படி மேலே சென்று, பகைவரின் கண்ணீரையும் நம்பற்க, கும்பிட்ட கைக்குள்ளும் படைக்கருவி மறைந்திருக்கக் கூடும் என எச்சரிக்கிறார்.

ஆகவே முன்னோர் வகுத்த எல்லை தெளிவானது. கண், கணத்தின் உணர்வைக் காட்டும். வாழ்நாளின் பண்பைக் காட்டாது. நம் தொடர்கதையாசிரியர் பலரும் இடறி விழுவது இந்த எல்லைக்கோட்டின் மீதே. குறிப்பை இயல்பென மயங்கி, பத்து அத்தியாயங்களில் செயலாலும் சொல்லாலும் மெல்ல மெல்ல உணர்த்த வேண்டிய ஒரு மனிதனின் பண்பை, 'அவன் கண்களில் நஞ்சு தேங்கியிருந்தது' என்னும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகின்றனர். தீயவன் என்றால் சிவந்த கண். வஞ்சகன் என்றால் இடுங்கிய கண். உத்தமி என்றால் மருண்ட கண். நாகரிக மங்கை என்றால் அலைபாயும் கண். எழுதுவோர்க்கு உழைப்பு மிச்சம். படிப்போர்க்கோ ஒரு தவறான பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது.

காஞ்சிப் பட்டின் உவமை இங்குப் பொருந்தும். மெய்ச் சரிகையும் போலிச் சரிகையும் புதுச்சேலையில் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே மின்னும். மெய்ச் சரிகையின் உள்ளே இருப்பது பட்டிழை. அதனைச் சுற்றியிருப்பது வெள்ளி. அதன் மேலது பொன் முலாம். சற்றே உரசினால் உள்ளிருக்கும் செந்நிற இழை தலைகாட்டும். தறியோடு பழகிய எவரும் மினுக்கத்தை மட்டும் கண்டு சரிகைக்கு விலை சொல்வதில்லை. உரசிப் பார்த்தே சொல்வர். மனிதனுக்கு விலை சொல்லும் கதையாசிரியர் மட்டும் மினுக்கத்தோடு நின்றுவிடலாமா?

மேலை நாட்டில் நேர்ந்தது

இம்மயக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரைச் சேர்ந்த லவாட்டர் என்னும் பாதிரியார், முகத்தோற்றத்தைக் கொண்டு குணத்தை அளக்கும் கலையைப் பற்றி 1775 முதல் 1778 வரை நான்கு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். அடுத்த நூற்றாண்டின் ஐரோப்பிய நாவலாசிரியர் பலர், பிரான்சின் பால்சாக் உட்பட, அவர்தம் கருத்துகளால் ஈர்க்கப்பட்டனர். முகவருணனை நாவலின் இன்றியமையா உறுப்பாயிற்று. 1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, குற்றவாளிகள் பிறவியிலேயே குற்றவாளிகள், அவர்தம் முக அமைப்பே அதனைக் காட்டிக்கொடுக்கும் என நூலெழுதினார். கதையில் விளையாட்டாக இருந்தது சட்டத்தின் வாசலில் வந்து நின்றது. 1913இல் இங்கிலாந்தின் சார்ல்ஸ் கோரிங் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை அளந்து பார்த்து, அத்தகைய தனித்த குற்றவாளி முகம் எதுவும் இல்லை என வெளியிட்டார். அறிவியல் அக்கொள்கையைக் கைவிட்டது. கதைகள் இன்னும் கைவிடவில்லை.

மேலைநாட்டாருள்ளும் இதனை ஆழ்ந்து உணர்ந்தவர் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1843இல் எழுதிய 'காட்டிக்கொடுத்த இதயம்' என்னும் சிறுகதையில், ஒருவன் தன்னோடு ஒரே வீட்டில் வாழும் முதியவரைக் கொல்லுகிறான். அவர்மேல் அவனுக்குப் பகையில்லை. அவர் பொருள்மேல் ஆசையுமில்லை. அவர்தம் கண்களுள் ஒன்று, கழுகின் கண்போல் மங்கிய நீலமாய்த் திரை படர்ந்திருப்பதை அவனால் தாங்க முடியவில்லை. அக்கண்ணிலே தீமை இருப்பதாக அவன் நம்புகிறான். கதையைப் படித்து முடிப்பவர்க்கோ அம்முதியவரின் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. அதைக் கண்டவனின் பித்தமே தெரிகிறது. காணப்பட்ட கண் குற்றமற்றது. கண்ட கண்ணே குற்றமுடையது. நாம் வலியுறுத்த விரும்பும் உண்மையும் இதுவே. நல்ல கதையில் கண் காட்டிக்கொடுப்பது பார்க்கப்படுபவரை அன்று, பார்ப்பவரை.

அழகிய வரலாறு கற்பிக்கும் பாடம்

கதை சொல்லும் கலையைப் பற்றி முஸ்லிம்களாகிய நாம் பேசும்போது, வரலாறுகளில் மிக அழகியது எனத் திருமறையே சிறப்பித்துக் கூறும் யூசுஃப் அத்தியாயத்தை விட்டு வேறெங்கே செல்வோம்? நூற்றுப் பதினொரு வசனங்களைக் கொண்ட அந்த 12ஆவது அத்தியாயத்தைக் கண்ணின் கதையாகவும் சட்டையின் கதையாகவும் ஒருமுறை ஓதிப் பாருங்கள்.

சகோதரர்கள் இளம் யூசுஃபைக் கிணற்றில் தள்ளிவிட்டு இரவு தொடங்கும் நேரத்தில் தந்தையிடம் வருகிறார்கள். எப்படி வருகிறார்கள்? அழுதுகொண்டு வருகிறார்கள். பொய்யின் முதற்சாட்சியாக அங்கு நிற்பது கண்ணீரே! கையிலோ பொய்க்குருதி தோய்ந்த சட்டை. நபி யஃகூப் (அலை) அவர்கள் அக்கண்ணீரைக் கண்டு மயங்கவில்லை. உங்கள் மனங்களே இதனை உங்களுக்குப் புனைந்து காட்டின என்னும் கருத்தில் மறுமொழி கூறி, அழகிய பொறுமையை மேற்கொள்கிறார்கள். அழும் கண் உண்மையின் அடையாளம் என்று நம்பும் கதையாசிரியர் இவ்விடத்திற்கு வந்தால் ஏமாந்தே போவார்.

அடுத்த காட்சி எகிப்து நாட்டு மாளிகை. பழி சுமத்தப்படுகிறது. கதவருகே இருவர் நிற்கின்றனர். ஒருவர் சொல்லுக்கு எதிராக மற்றொருவர் சொல். அங்கே சாட்சி கூறியவர், இருவருள் யார் கண்ணில் கள்ளம் தெரிகிறது என்று பார்க்கவில்லை. சட்டை முன்புறம் கிழிந்துள்ளதா, பின்புறம் கிழிந்துள்ளதா என்று பாருங்கள் என்றார். பின்புறம் கிழிந்திருந்தது, உண்மை வெளியாயிற்று. செயல் விட்டுச்சென்ற தடயமே சான்றாயிற்று.

நகரத்துப் பெண்டிர் யூசுஃப் (அலை) அவர்களைக் கண்டபோது தம் கைகளை அறுத்துக்கொண்டனர். அவர்தம் கண்களுக்கு எட்டியது அழகு மட்டுமே. அவர்தம் தூய்மைக்குச் சான்றுகளைக் கண்ட பின்னரும் அவ்வூரார் அவர்களைச் சிறையில் இட்டனர். ஆண்டுகள் கழிந்தபின் தானியம் வேண்டி எகிப்துக்கு வந்த சகோதரர்கள், உடன்பிறந்தவரை எதிரே கண்டும் அறிந்துகொள்ளவில்லை. பார்வை குறையாத அத்தனை கண்களும் பிழைபட்டன. ஆனால், துயரத்தால் கண் வெளுத்துப்போன தந்தையோ, மகனின் சட்டையைச் சுமந்த பயணக்கூட்டம் புறப்பட்ட அளவிலேயே தொலைவிலிருந்து அவர்தம் மணத்தை உணர்ந்தார்கள். பார்வையிழந்தவரே மெய்யாகப் பார்த்தவர். ஏனாத்தூர் மூதாட்டியாரின் வினாவுக்கு விடை இங்கே இருக்கிறது. கண் இல்லாதவரின் மனத்தை எழுதக் கதையாசிரியர் வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. அவர் எதனை விரும்பினார், எதனை இழந்தார், எதனைப் பொறுத்தார் என்று எழுதினால் போதும்.

கண்களின் வஞ்சனையையும் நெஞ்சங்கள் மறைப்பவற்றையும் அல்லாஹ் அறிகின்றான் என்பது 40ஆவது அத்தியாயத்தின் 19ஆம் வசனம் தரும் கருத்து. கண்கள் வஞ்சனை செய்யும் என்பதை மறை மறுக்கவில்லை. அதனை அறியும் முழு அறிவு யாருக்குரியது என்பதையே வரையறுக்கிறது. கதைமாந்தரைப் படைத்தவர் கதையாசிரியர்தாமே, அவர்தம் உள்ளம் அவருக்குத் தெரியாதா என்று சிலர் கேட்கலாம். தெரியும்; தெரியட்டும். ஆனால் அவ்வறிவை எடுத்து, ஒரு நொடி பார்த்த கதாநாயகியின் கண்ணில் இலவசமாக வைத்துவிடும்போதுதான் கதை பொய்யாகிறது. உலகில் எந்தப் பெண்ணுக்கும் அத்தகைய கண் அருளப்படவில்லை. அருளப்பட்டிருக்குமாயின் நம் ஊர்களில் மணமுறிவுக் கண்ணீர் இத்துணை இராதன்றோ?

நம்மவர் கதைகளில்

இவ்வுரைகல்லில் நம்மவர் படைப்புகள் சிலவற்றை உரசிப் பார்ப்போம்.

வைக்கம் முகம்மது பஷீர் மலையாளத்தில் எழுதியவர் எனினும் தமிழ் முஸ்லிம் இல்லங்களுக்கு அயலவர் அல்லர். அவர்தம் 'மதில்கள்' 1960களில் வெளிவந்த சிறு நாவல். திருவனந்தபுரம் சிறையில் ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் இடையே உயர்ந்த மதில். இப்புறம் பஷீர், அப்புறம் நாராயணி என்னும் கைதி. குரல் மட்டுமே அவர்களுக்கிடையே பாலம். அவள் மதிலுக்கு மேலே ஒரு சுள்ளியை எறிந்து தன் வருகையை உணர்த்துவாள். ஒருவரையொருவர் காணும் நாள் குறிக்கப்படுகிறது. அதற்கு முன்னரே அவருக்கு விடுதலை ஆணை வந்துவிடுகிறது. இறுதிவரை கண் கண்ணைச் சந்திக்கவேயில்லை. ஆயினும் நாராயணியின் ஏக்கத்தையும் குறும்பையும் தனிமையையும் அறியாதவராய் அந்நூலை மூடிவைக்க எவராலும் இயலாது. விழி வருணனை ஒன்றுமின்றி ஒரு பெண்ணின் உள்ளத்தை இவ்வளவு அண்மையில் கொண்டுவர இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா? 1990இல் அடூர் கோபாலகிருஷ்ணன் இதனைத் திரைப்படமாக்கியபோதும் நாராயணியைக் குரலாகவே வைத்தார். காட்சிக் கலையிலும் காட்டாமை வென்றது.

தேங்காய்ப்பட்டணம் தந்த தோப்பில் முகம்மது மீரான் (1944–2019) நம் காலத்தின் தலைசிறந்த நாவலாசிரியர்களுள் ஒருவர். 1988இல் நூலாக வெளிவந்த அவர்தம் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில், வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் ஆதிக்கமும், புனிதர் போல ஊருக்குள் நுழையும் ஒரு தங்ஙளின் வஞ்சகமும் அடுத்தடுத்து விரிகின்றன. அந்தத் தங்ஙளின் கண்ணில் கயமை ஒளிர்ந்தது என்று ஒரு சொல் போட்டுவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். நாவலின் வலிமை தங்ஙளின் கண்ணில் இல்லை. ஊராரின் கண்ணில் இருக்கிறது. அச்சமும் அறியாமையும் திரையிட்ட கண்களுக்கு வஞ்சகரும் புனிதராகத் தெரிகிறார். முதலாளிக்குத் தலைவணங்க மறுக்கும் ஏழைச் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூதுக்கோ அத்திரை இல்லை. அவன் கண் கூர்மையாக இருப்பதற்குக் காரணம் அவன் முதுகு வளையாமல் இருப்பதே. ஒருவனது நடத்தை அவன் பார்வையைத் தீர்மானிக்கிறது என்னும் ஆழ்ந்த உண்மை இங்குக் கதையாகியிருக்கிறது.

1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர்தம் 'சாய்வு நாற்காலி'யில் இக்கலை இன்னும் முதிர்ச்சி அடைகிறது. முன்னோரின் பெருமையைப் பேசிக்கொண்டு சாய்வு நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் முஸ்தபாக்கண்ணு, நாவின் சுவைக்காக சௌதா மன்ஸில் என்னும் அவ்வீட்டின் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தீர்க்கிறார். அவர் கண் எந்நிறம், எவ்வடிவம் என்பது நமக்கு வேண்டாத செய்தி. அக்கண் வீட்டுப் பொருள்களைப் பார்க்கும்போது விலையைப் பார்க்கிறது. மனைவி மரியத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பார்ப்பதேயில்லை. ஒரு மனிதன் எதைப் பார்க்கிறான், எதைப் பாராமல் இருக்கிறான் என்று காட்டினாலே அவன் இயல்பு முழுதும் வெளிப்பட்டுவிடும். கண்ணை எழுதுவது எளிது. பார்வையை எழுதுவதே கலை.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) நம் இல்லங்களில் விவாதத்துக்கு உள்ளான நூல். அதன் எல்லாப் பகுதிகளோடும் எல்லாரும் உடன்படுவர் எனச் சொல்வதற்கில்லை. ஆயினும் திறனாய்வு என்பது உடன்பாட்டுப் பட்டியல் அன்றே! சிறுமி ராபியா சினிமாவுக்குப் போய்விட்டு வந்து தாயின் சினத்துக்கு ஆளாகும் பகுதி நம் பொருளுக்கு நேராக வருகிறது. பெண்ணின் கண் எப்படி இருக்கிறது என்று நூற்றாண்டுக் கணக்காக வருணித்துவந்த கதையுலகில், பெண்ணின் கண் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கலாகாது, அதனை வரையறுப்பவர் யார் என்ற கேள்வியை ஒரு குழந்தையின் வழியே அந்நாவல் எழுப்புகிறது. விடை எதுவாயினும் கேள்வி நேர்மையானது.

நமக்கு நேர்ந்ததும் நாம் செய்வதும்

இவ்வளவு விரிவாகப் பேசுவது கலைநயத்தின் பொருட்டு மட்டுமன்று. கண்ணைக் கொண்டு குணத்தை அளக்கும் பழக்கத்தால் தமிழ் முஸ்லிம் சமுதாயம் அடைந்த காயம் ஆறாதது. சுருமா இடுதல் நம் மரபில் நபிவழியாகப் போற்றப்படுவது. இமாம் திர்மிதி (ரஹ்) அவர்கள் தம் 'ஷமாயில்' நூலில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சுருமா இட்டது குறித்துத் தனிப் பாடமே அமைத்துள்ளார்கள். அந்தச் சுருமா தீட்டிய கண்ணையே கொடுமையின் முத்திரையாக்கி, தாடியையும் தொப்பியையும் உடன்சேர்த்து, அண்மைக் காட்சியில் காட்டி அச்சமூட்டும் திரைப்படங்கள் 1990களுக்குப் பின் பெருகின. அவற்றைக் கண்டு வளர்ந்த ஓர் இளைஞன், பேருந்தில் தன் பக்கத்து இருக்கையில் அமரும் நம் பிள்ளையின் கண்ணில் என்னத்தைத் தேடுவான்? எட்கர் ஆலன் போவின் கதையில் வரும் கொலைகாரன் தேடியதையே தேடுவான். கண்ணில் இல்லாததை நெஞ்சிலிருந்து எடுத்து வைத்துவிட்டுக் கண்டுவிட்டேன் என்பான்.

பர்தாவிலும் துப்பட்டியிலும் வரும் நம் பெண்டிர் குறித்துப் பிறர் எழுதிய கதைகளிலும் இதுவே நிகழ்ந்தது. திரைக்கு வெளியே தெரிந்தவை இரு விழிகள் என்பதால், அவ்விரு விழிகளில் தம் கற்பனை முழுவதையும் எழுதினர். சோகமும் சிறையும் மருட்சியும் அங்கே கண்டனர். அப்பெண் கணக்கு எழுதுபவளா, பிள்ளைக்கு ஓதக் கற்றுக்கொடுப்பவளா, தமிழில் நாவல் எழுதுபவளா என்று கேட்டாரில்லை. நாகூரில் வாழ்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938இலேயே 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டு உ. வே. சாமிநாதையரின் பாராட்டுரையும் பெற்றார் என்பதை அத்தகையோர் அறிந்திருப்பரா?

ஆனால் பிறரைக் குறைகூறி அமைந்துவிடுவது நேர்மையாகாது. நம்மவர் எழுதும் கதைகளில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய இளைஞன் என்றால் அலட்சியக் கண். வேலைக்குச் செல்லும் பெண் என்றால் அடங்காக் கண். பிற சமயத்துக் கடன்கொடுப்போன் என்றால் கழுகுக் கண். இவற்றைக் காணாமல் விட்டுவிடலாகுமா? நம்மை அளந்த அதே கோலால் பிறரை அளக்கும்போது, நம் முறையீட்டின் உரிமையையே நாம் இழந்துவிடுகிறோம். கதையில் தொடங்கும் இப்பழக்கம் கதையோடு நிற்பதுமில்லை. பெண் பார்க்கும் படலத்தில், "பையன் கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது, தங்கமான பிள்ளை" என்று சொல்லி, விசாரிக்க வேண்டியதை விசாரியாமல் நிக்காஹ் நாள் குறித்த குடும்பங்களை நாம் அறிவோம். "அந்த வேலைக்காரப் பெண்ணின் முழியே சரியில்லை" என்று காணாமற்போன மோதிரத்துக்காக ஓர் ஏழையை வெளியேற்றிவிட்டு, மறுவாரம் அம்மோதிரத்தை அலமாரியின் அடியில் கண்டெடுத்த இல்லத்தையும் அறிவோம். மோதிரம் கிடைத்தது, மானம் கிடைத்ததா?

ஒரு தடையும் விடையும்

இங்கே அறிந்தோர் ஒரு தடை எழுப்பலாம். இறைநம்பிக்கையாளரின் ஃபிராஸத், அதாவது உட்பார்வை, பற்றிய நபிமொழி திர்மிதியில் உள்ளதே என்பர். அதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது எனக் கருதிய அறிஞரும் உளர். அதனை ஏற்போரும், அவ்வுட்பார்வை இறையச்சத்தால் தூய்மையுற்ற உள்ளத்துக்குக் கிட்டும் ஒளி என்றே விளக்குவர். அஃது அடுத்தவரைத் துப்பறிவதற்கான உரிமம் ஆகாது.

இதனினும் வலிய தடை ஒன்றுண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தடைந்தபோது, யூத அறிஞராயிருந்த அப்துல்லாஹ் இப்னு சலாம் (ரலி) அவர்கள் மக்களோடு சென்று அத்திருமுகத்தைக் கண்டார்கள். கண்ட மாத்திரத்தே, இது பொய்யரின் முகமன்று என உணர்ந்துகொண்டதாக அவர்களே அறிவிக்கிறார்கள். முகம் இயல்பைக் காட்டிவிட்டதே, இதற்கு என்ன சொல்வீர் என்று கேட்கலாம்.

நாம் மகிழ்வோடு ஏற்றுக்கொள்ளும் வரலாறு இது. ஆனால் அதனோடு இன்னொன்றையும் சேர்த்து எண்ணுங்கள். அதே திருமுகத்தை மக்கத்துக் குறைஷியர் பல்லாண்டுக் காலம் நாள்தோறும் கண்டனர். அல்அமீன், நம்பிக்கைக்குரியவர் எனத் தம் வாயாலேயே அழைத்தனர். அபூஜஹ்லும் அம்முகத்தைத்தான் பார்த்தான். முகம் ஒன்றே; ஒளியும் ஒன்றே. ஒருவருக்கு முதல் நோக்கிலேயே விளங்கியது, மற்றவனுக்கு இறுதிவரை விளங்காமற் போயிற்று. வேறுபாடு காணப்பட்ட முகத்தில் இல்லை. கண்ட கண்ணுக்குப் பின்னிருந்த நெஞ்சிலே இருந்தது. புறக்கண்கள் குருடாவதில்லை, நெஞ்சங்களே குருடாகின்றன என்னும் கருத்தை 22ஆவது அத்தியாயத்தின் 46ஆம் வசனம் நமக்கு அளிக்கிறது. ஆகவே இத்தடையும் நம் கொள்கைக்கு அரணாகவே அமைகிறது.

கண்ணுக்கு அணிகலம்

வள்ளுவர் 58ஆம் அதிகாரத்துக்குச் சூட்டிய பெயர் 'கண்ணோட்டம்'. இன்று நாம் அச்சொல்லைக் கருத்து, நோக்கு என்னும் பொருளில் வழங்கி வருகிறோம். அவர் காலத்தில் அதன் பொருள் இரக்கம். பழகியவர் மாட்டுக் கண் ஓடும்போது நெஞ்சும் உடன் நெகிழ்தலே கண்ணோட்டம். அஃதில்லாத கண்ணைக் கண் என்றே அவர் ஒப்பவில்லை. பார்வைக்கும் பரிவுக்கும் ஒரே சொல்லை அமைத்துக்கொண்ட மொழி நம் மொழி. அம்மொழியில் கதை எழுதுவோர், கண்ணைத் துப்பறியும் கருவியாக மட்டும் பயன்படுத்துவது எத்துணை வறுமை!

நம் மார்க்கமோ கண்ணுக்கு வேறோர் ஒழுக்கத்தையும் விதித்தது. பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுமாறு 24ஆவது அத்தியாயத்தின் 30ஆம் வசனத்தில் முதலில் ஆண்களுக்கும், அடுத்த வசனத்தில் பெண்களுக்கும் கட்டளை வருகிறது. பார்வையைத் தாழ்த்துதல் அறியாமையில் வாழ்தல் அன்று. பிறரை நம் பார்வையின் பொருளாக்கிச் சிறுமைப்படுத்தாதிருத்தல் என்றும் அதனை உணரலாம். கதையாசிரியரின் எழுதுகோலுக்கும் இவ்வொழுக்கம் பொருந்தும். ஒருவரின் விழிக்குள் துழாவித் தீர்ப்பெழுதும் முன், அவர் என்ன செய்தார், யாருக்கு ஈந்தார், யாரைக் கைவிட்டார், எப்போது பொறுத்தார் என்று காட்டுக. தீர்ப்பைப் படிப்போரிடம் விடுக. முழுத்தீர்ப்பு யாரிடம் உள்ளதோ, அவனிடமே இறுதியில் அது சேரட்டும்.

இல்லத்தில் கதை படித்துக்காட்டும் தாய்மாருக்கும் ஒரு வேண்டுகோள். 'அவன் கண்களைக் கண்டதுமே அவள் உணர்ந்துகொண்டாள்' என்னும் வரி வரும்போது சற்றே நிறுத்தி, "எப்படி உணர்ந்தாளாம்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். சட்டை எப்பக்கம் கிழிந்திருந்தது என்று ஆசிரியர் காட்டியிருந்தால் மேலே படியுங்கள்; காட்டாதிருந்தால் அந்த வரியை நம்ப வேண்டா என்று சொல்லிக்கொடுங்கள்.

ஏனாத்தூர் மூதாட்டியார் நாம் விடைபெறும்போது நம் கையைப் பற்றி, விரல்களைத் தடவிப் பார்த்தார். "எழுதுற கை, தறி பிடிச்ச கை இல்லே" என்றார். நம் கண்ணைப் பாராமலே நம் தொழிலைச் சொல்லிவிட்டார். நம் குணத்தைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நாம் இன்னும் எதையேனும் செய்து காட்ட வேண்டியிருக்கிறது.